முறுகிய இறக்கையை நிமிர்த்துவது: வன்னியில் மாதிரி விமானம் செய்யத் தொடங்குவோருக்கு

மார்கழி மழைக்குள் விறாந்தையில் இருந்து ஒட்டி முடித்த இறக்கை, பங்குனியில் வயலுக்கு எடுத்துப் போகும்போது அதே இறக்கையாக இருப்பதில்லை. ஒட்டிய அன்று கண்ணாடிமேல் வைத்தபோது நான்கு மூலையும் படிந்து கிடந்தது. இப்போது ஒரு நுனி வானம் பார்க்கிறது. யாரும் மிதிக்கவில்லை, யாரும் அதன்மேல் இருக்கவும் இல்லை. பெட்டிக்குள் கிடந்தபடியே முறுகியிருக்கிறது.

"மாமா, நான் நேராத்தான் எறியிறன். இது ஒவ்வொருமுறையும் இடப்பக்கம் சரிஞ்சு போய்க் குத்துது." என் மருமகன் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றபோது அவன் கையில் இருந்த கிளைடரின் மூக்கு ஏற்கெனவே இரண்டுமுறை ஒட்டப்பட்டிருந்தது. மூக்கை ஒட்டத் தெரிந்தவனுக்கு இறக்கையைப் பார்க்கத் தெரியவில்லை. அவனைக் குறைசொல்ல முடியாது. உடைந்த மூக்கு கண்ணுக்குத் தெரியும், 3 மில்லிமீற்றர் முறுக்கு தெரியாது.

கையால் எறியும் கிளைடர், றப்பர் முறுக்கிப் பறக்கவிடும் விமானம், சின்ன மோட்டார் பூட்டியது என்று எதைச் செய்தாலும் இந்தச் சிக்கல் ஒருநாள் வந்தே தீரும். திருத்துவது பெரிய வித்தை இல்லை. ஒரு கேத்தல், ஒரு யன்னல் கண்ணாடித் துண்டு, ஒரு அடிமட்டம், கொஞ்சம் பொறுமை போதும். கடைசியாகச் சொன்னதுதான் கடையில் கிடைப்பதில்லை.

முறுக்கு வேறு, வளைவு வேறு

இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இறக்கை முழுவதும் வில்லுப்போல மேலேயோ கீழேயோ வளைந்திருந்தால் அது வளைவு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக வளைந்திருந்தால் விமானம் பெரும்பாலும் பறக்கும். சில மாதிரிகளில் நாமே இறக்கைகளை நடுவில் மடித்து மேல்நோக்கித் தூக்கி ஒட்டுகிறோம், சரிந்தால் தானாக நிமிர்வதற்காக.

முறுக்கு அப்படியல்ல. இறக்கை உடம்போடு சேரும் அடியில் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரு சாய்வில் இருக்க, நுனியில் வேறொரு சாய்வில் இருப்பதுதான் முறுக்கு. ஈரத் துவாயை இரண்டு கையாலும் பிழியும் அசைவை நினைத்துக்கொள்ளுங்கள். இடது நுனியில் பின் விளிம்பு மேலே ஏறியிருந்தால் அந்தப் பக்கம் காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும், தூக்குவிசை குறையும், விமானம் இடப்பக்கம் சரியும். பின் விளிம்பு கீழே இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தூக்கி, விமானத்தை மறுபக்கம் சரிக்கும்.

எவ்வளவு முறுக்கு அதிகம்? முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை 15 செ.மீ. அகலமுள்ள இறக்கையில் பின் விளிம்பு 2.6 மி.மீ. எழுந்தாலே 1 பாகை. 10 செ.மீ. அகலமுள்ள சின்னக் கிளைடரில் 1.7 மி.மீ. போதும். ஒரு பாகைதானே என்று விடாதீர்கள். மெல்ல எறிந்தால் சோம்பலாகத் திரும்பும் அதே கிளைடர், வேகமாக எறிந்தால் அந்த ஒரு பாகையாலேயே பக்கவாட்டில் உருண்டு வரம்பில் மோதும். முறுக்கினால் உருளும் வேகம் பறக்கும் வேகத்தோடு சேர்ந்து கூடும். மெல்ல எறிந்து பார்த்துவிட்டு "சரி, பறக்குது" என்று திருப்திப்படுகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

ரைட் சகோதரர்கள் இதையே வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள். 1899இல் ஒரு பட்டத்தில் கயிறுகள் கட்டி இறக்கைகளை வேண்டுமென்றே முறுக்கிப் பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17இல் பறந்த விமானத்தையும் அந்த முறுக்கினால்தான் பக்கவாட்டில் சரித்து நிமிர்த்தினார்கள். எனவே உங்கள் இறக்கை முறுகியிருக்கிறது என்றால், நீங்கள் கேட்காமலே அது விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இறக்கைதான் காரணமா?

கேத்தலை அடுப்பில் வைக்கமுன் இதைப் பார்த்துவிடுங்கள். இடப்பக்கம் திரும்புகிற விமானம் எல்லாம் முறுகிய விமானம் அல்ல.

மூக்கையும் வாலையும் விரல் நுனிகளில் தாங்கிப் பிடியுங்கள். ஒரு பக்கம் தொடர்ந்து கீழே போனால் அந்த இறக்கை பாரம் கூடியது. பசை அதிகம் பூசியிருப்பீர்கள், அல்லது பாரமான பலகை அந்தப் பக்கம் போயிருக்கும். மற்ற நுனியில் ஒரு குண்டூசியைக் குத்திச் சமப்படுத்தலாம். பிறகு பின்னால் இருந்து நேராகப் பாருங்கள்: நிமிர்ந்து நிற்கும் வால் தகடு திரும்பியிருக்கிறதா? கிடைவால் இறக்கையோடு சமமாக இருக்கிறதா? றப்பர் பாண்டால் கட்டும் இறக்கை என்றால் உடம்பின்மேல் கோணலாக அமர்ந்திருக்கிறதா? என் அனுபவத்தில் "முறுக்கு" என்று கொண்டுவருகிற விமானங்களில் கணிசமானவை வெறுமனே கோணலாகக் கட்டப்பட்டவைதான். கழற்றித் திரும்பக் கட்டினால் வேலை முடிந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பினால் இறக்கையை அளக்கலாம்.

அளப்பது

தட்டையான இடம் ஒன்று வேண்டும். சீமெந்து நிலம் தட்டை என்று நம்பாதீர்கள், மரமேசை அதைவிட மோசம். பழைய யன்னல் கண்ணாடி அல்லது கண்ணாடி அலுமாரித் தட்டு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். ஓரங்களைச் செலோரேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள், கை வெட்டும். கண்ணாடியையும் அரிசி மூட்டைமேல் வைத்தால் வளையும், எனவே அடியில் முழுவதும் தாங்கல் இருக்கவேண்டும்.

நடுவில் மடிப்பு உள்ள இறக்கையை ஒரு பக்கம் ஒரு பக்கமாக அளக்கவேண்டும். அடிப்பகுதியைக் கண்ணாடியில் படியவைத்து மெல்லப் பிடித்துக்கொண்டு, நுனியில் முன் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலும், பின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலும் எத்தனை மி.மீ. என்று அடிமட்டத்தால் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் முறுக்கில்லை. பாதி வழியிலும் ஒருமுறை அளவுங்கள், சில இறக்கைகள் நடுவில் ஒரு பக்கமும் நுனியில் மறுபக்கமும் முறுகியிருக்கும். அளந்ததைப் பென்சிலால் இறக்கையின் கீழ்ப்பக்கத்திலேயே திகதியோடு எழுதுங்கள்.

கண்ணாடி இல்லாவிட்டால் கண். விமானத்தை கை நீட்டிப் பின்புறம் உங்களை நோக்கும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடி, பின் விளிம்பு முன் விளிம்பை மறைக்கும் இடத்தைப் பாருங்கள். அடியில் முன் விளிம்பு சரியாக மறைந்து, நுனியில் எட்டிப் பார்த்தால் அங்கே முறுக்கு. பழகிய கண் 1 மி.மீ. வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கும்.

எல்லா முறுக்கையும் எடுக்கவேண்டாம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இரண்டு நுனிகளிலும் பின் விளிம்பு ஒரே அளவாக, 2 அல்லது 3 மி.மீ. மேலே எழுந்திருந்தால் கைவைக்காதீர்கள். அதற்கு வொஷ் அவுட் என்று பெயர், பலர் வேண்டுமென்றே வைத்துச் செய்கிறார்கள். வேகம் குறையும்போது இறக்கையின் நடுப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும், நுனிகள் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அதனால் விமானம் மூக்கை மெல்லத் தாழ்த்தி மீளும். நுனி முதலில் விட்டுக்கொடுத்தால் அந்தப் பக்கம் சட்டென்று விழுந்து சுழலும்.

இதற்கு எதிரானது, பின் விளிம்பு கீழே இறங்கியிருக்கும் நுனி. அதை எங்கே கண்டாலும் எடுத்துவிடுங்கள். ரிமோட் விமானம் வைத்திருப்பவர்கள் "ட்ரிம் போட்டுச் சமாளிக்கலாம்" என்பார்கள், அதாவது ரிமோட்டால் அசையும் தகடுகளைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்து வைப்பது. நேராகப் பறக்கும்வரை சமாளிக்கலாம். இறங்குவதற்கு வேகம் குறைக்கும்போது அந்த நுனி முதலில் விழும், அப்போது உயரம் இருக்காது.

ஆக, நாம் கேட்பது இரண்டு பக்கமும் ஒத்திருப்பதை. தட்டையாக இருப்பது அதற்குப் பிறகுதான்.

ஏன் முறுகுகிறது

ஒரே வரியில் சொன்னால், இறக்கையின் ஒரு பக்கம் சுருங்கியது, மறுபக்கம் சுருங்கவில்லை.

ஈரம் பட்ட பக்கம் விரிந்து புடைக்கும். காய்ந்த பக்கம் சுருங்கி உள்வாங்கும். காயாத மரத்தில் செய்த கதவு கோடையில் நிலையோடு சண்டை பிடிப்பதும் இதனால்தான். பால்சாப் பலகை மிக இலேசான, நுண்குழல் நிறைந்த மரம். ஈரத்தைக் குடிக்கும், விடும். நார் நேராக ஓடும் பலகை குறுக்கே மட்டும் விரிந்து சுருங்கும். நார் சாய்வாக ஓடினால் அந்தச் சுருக்கமும் சாய்வாக இழுத்து, இறக்கையை முறுக்கிவிடும். கடையில் பலகை எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நார் ஓட்டத்தைப் பாருங்கள். எங்களுக்குப் பால்சா கொழும்பிலிருந்து தபாலில் வருவதால் தெரிவு செய்யும் பாக்கியம் குறைவு. வந்ததில் நேரானதை இறக்கைக்கும், கோணலானதை உடம்புக்கும் ஒதுக்குங்கள்.

இனி வன்னியின் காலநிலை. ஐப்பசி தொடக்கம் தை வரை மாரி. வெளியே பறக்கவிட முடியாது, வயலெல்லாம் காலபோக நெல். எனவே வீட்டுக்குள் இருந்து செய்கிறோம், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது. அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் மாசி, பங்குனியில் பறக்கவிடப் போகிறோம், எல்லாம் வறண்டு கிடக்கும்போது. செய்வது ஈரத்தில், பறப்பது வறட்சியில். மாரியில் இறக்கைச் சட்டத்தை மூடி ஒட்டிய மெல்லிய ரிசுப் பேப்பர் கோடையில் இன்னும் இறுகும், எந்தப் பக்கம் பசையோ பூச்சோ கூடியதோ அந்தப் பக்கம் கூடுதலாக இழுக்கும்.

நான் செய்த பெரிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை மேற்பக்கத்துக்கு மட்டும் பேப்பர் ஒட்டி, தண்ணீர் தெளித்து, "கெதியாய்க் காயட்டும்" என்று சித்திரை வெயிலில் தகரத்தின்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சோறு முடித்து வந்து பார்த்தால் பொரித்த பப்படம்போல இருந்தது. அந்த இறக்கையை நிமிர்த்த நான் எடுத்த நேரத்தில் புதிதாக இரண்டு செய்திருக்கலாம்.

பால்சாவும் ரிசுப் பேப்பரும்: ஆவி பிடித்தல்

முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையில் விலா எனப்படும் குறுக்குத் துண்டுகள் வைத்துக் கட்டிப் பேப்பர் ஒட்டிய இறக்கைக்கு இதுதான் முதல் மருந்து. சூடும் ஈரமும் சேர்ந்தால் மரநார் இளகும், பூச்சும் இளகும். இளகியிருக்கும்போது கொடுத்த வடிவம் ஆறியதும் தங்கிவிடும்.

தீயைப் பற்றி முதலில். பேப்பரை இறுக்கப் பூசும் டோப்பும், ஹாட்வெயாரில் வாங்கும் நைட்ரோசெலுலோஸ் லாக்கரும் நன்றாகத் தீப்பிடிப்பவை. விறகடுப்புக்கும் காஸ் அடுப்புக்கும் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். மின்சாரக் கேத்தல் நல்லது. இல்லையென்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை விட்டுத் தள்ளிக் கொண்டுவந்து செய்யுங்கள். ஆவி சுடும், சின்னப் பிள்ளைகள் தனியே செய்யக்கூடாது.

1. எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்கு என்று அளந்து எழுதியதை முன்னால் வையுங்கள். ஆவிக்கு முன்னால் நின்றுகொண்டு "இடமா வலமா" என்று யோசித்தால் எதிர்ப்பக்கம் முறுக்கிவிடுவீர்கள். நானே செய்திருக்கிறேன்.

2. ஒரு கையால் அடிப்பகுதியையும் மறுகையால் நுனியையும் பிடியுங்கள். விரல்கள் விலாவிலும் விளிம்பிலும் இருக்கட்டும், வெறும் பேப்பரில் அழுத்தினால் ஓட்டை விழும்.

3. கேத்தல் வாயிலிருந்து நான்கு விரல் அளவுக்கு மேல் தள்ளிப் பிடித்து, முறுகிய பகுதியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். 15, 20 செக்கனில் பேப்பர் தொய்ந்து மங்கலாகும். பயப்படவேண்டாம், காய்ந்ததும் திரும்ப இறுகும்.

4. இப்போது எதிர்ப்பக்கம் முறுக்குங்கள். நேராக்கும் அளவோடு நிறுத்தினால் போதாது. 3 மி.மீ. ஏறியிருந்தால் மறுபக்கம் 3 மி.மீ. போகும்வரை முறுக்குங்கள். விட்டதும் பாதி திரும்பி வரும். மரம் கிறீச்சிட்டால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் ஆவி காட்டுங்கள்.

5. முறுக்கிய நிலையிலேயே ஆவியை விட்டு விலக்கி, ஒரு நிமிடமாவது அசையாமல் பிடியுங்கள். இந்த ஒரு நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. கை நோகிறது என்று 20 செக்கனில் விட்டால் எல்லாம் வீண்.

6. கண்ணாடியில் வைத்து அளவுங்கள். மிச்சமிருந்தால் திரும்பச் செய்யுங்கள். ஒரே தடவையில் முழுவதையும் எடுக்க முனைவதைவிட மூன்று தடவை சிறிது சிறிதாக எடுப்பது நல்லது.

அன்றைக்கே வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்தநாள் காலையில் அளந்து பாருங்கள், கொஞ்சம் திரும்பியிருக்கும். இன்னொருமுறை.

முறுக்குப் பிடிவாதமாக இருந்தால் கட்டிவைத்து நிமிர்த்தலாம். தட்டையான மென்பலகை ஒன்றில் இறக்கையை வைத்து, பேப்பரைத் தண்ணீர் தெளிப்பானால் மேலும் கீழும் ஒரே அளவாக நனையுங்கள். அடியில் தீப்பெட்டி மட்டையோ ஈர்க்கோ வைத்துக் கொஞ்சம் உயர்த்திவிடவேண்டும், கீழ்ப்பக்கத்துக்கும் காற்றுப் போகவேண்டும் அல்லவா. முறுக்கினால் தாழ்ந்திருக்கும் மூலையில் மட்டைகளை அடுக்கி மிகையாக உயர்த்தி, மற்ற இடங்களைக் குண்டூசியாலும் சின்னப் பாரத்தாலும் பிடித்துவையுங்கள். கோடையில் ஒரு முழுநாள், மாரியில் இரண்டு நாள். இடையில் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பேப்பர் இல்லாத, முழுப் பலகையில் செதுக்கிய கிளைடர் இறக்கை என்றால் வழி இன்னும் எளிது. உள்வாங்கியிருக்கும் பக்கம் சுருங்கிய பக்கம். அந்தப் பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, கண்ணாடிக்கும் புத்தகக் கட்டுக்கும் இடையில் ஓர் இரவு வையுங்கள். காய்ந்தபின் இரண்டு பக்கமும் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே போவது குறையும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பழைய கதைதான்.

பிளாஸ்ரிக் படலம் ஒட்டிய இறக்கை

சூட்டில் சுருங்கும் படலத்தை அயன்பெட்டியால் ஒட்டிச் செய்த இறக்கையில் ஆவி அதிகம் உதவாது. இங்கே இறக்கையின் வடிவத்தைப் பிடித்துவைத்திருப்பது படலத்தின் இழுவிசைதான், அதையே திருப்பி உபயோகிக்கலாம். இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். ஒருவர் எதிர்ப்பக்கம் மிகையாக முறுக்கிப் பிடிக்க, படலத்தில் சாய்வாகச் சுருக்கங்கள் எழும். மற்றவர் அந்தச் சுருக்கங்கள் மறையும்வரை அயன்பெட்டியால் மெல்லத் தடவவேண்டும், மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும். ஆறியபின் விடுங்கள். அயனின் சூட்டை முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள், கூடினால் ஓட்டை விழும்.

ரெஜிபோமும் போம் போர்ட்டும்

உண்மையைச் சொன்னால், வன்னியில் தொடங்குகிறவர்களில் பலர் பால்சாவைக் கண்ணால் காண்பதற்கு முன் ரெஜிபோமில்தான் தொடங்குவார்கள். ரீவிப் பெட்டிக்குள் வந்தது, மீன்பெட்டி மூடி, கடையில் வாங்கும் போம் போர்ட். நல்லதுதான், ஈரத்தைக் குடிக்காது. ஆனால் சூட்டுக்குப் பயந்த சாமான். கொதிநீரையும் அயன்பெட்டியையும் நேராகக் காட்டினால் சுருண்டுவிடும். சுப்பர் குளு, பெற்றோல், தின்னர், ஸ்பிரே பெயின்ற் எல்லாம் அதைக் கரைக்கும். வெள்ளை வூட் கம் போதும்.

கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, முறுகிய இடத்தைச் சுற்றி ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடியுங்கள். இரண்டு மூன்று தடவையில் நிமிரும். நிமிர்ந்தாலும் வெயிலில் கிடந்தால் திரும்ப முறுகும், எனவே எலும்பு ஒன்று கொடுக்கவேண்டும். இங்கேதான் பட்டம் கட்டித் தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள். இறக்கை நீளத்துக்கு ஒரு மூங்கில் சிலாகையைப் பதித்துவிட்டு "இனி முறுகாது" என்பார்கள். ஒற்றைச் சிலாகை வளைவைத் தடுக்கும், முறுக்கைத் தடுக்காது, ஏனென்றால் அதுவே தன்னைத்தானே சுற்றி முறுகக்கூடியது. முறுக்கைத் தடுப்பவை சாய்வுகள். அடியின் முன் மூலையிலிருந்து நுனியின் பின் மூலைக்கு ஒன்று, அதற்குக் குறுக்கே மற்றொன்று என்று இரண்டு மெல்லிய ஈர்க்குகளைக் கீழ்ப்பக்கத்தில் பதித்துப் பாருங்கள். இறக்கையைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டவேண்டும். செலோரேப்பைச் சாய்வாக இழுத்து ஒட்டினாலும் ஓரளவு பலன் உண்டு. இரண்டாம் உலகப் போரின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உடம்பும் இறக்கையும்கூட இப்படிச் சாய்வுச் சட்டங்கள் பின்னிய கூடைபோலத்தான் கட்டப்பட்டிருந்தன. பால்சா இறக்கையிலும் விலாக்களுக்கு இடையில் மூலைக்கு மூலை சிறு துண்டுகளை ஒட்டினால் பாதிச் சிக்கல் பிறக்கவே மாட்டாது.

போம் போர்ட்டின் இரண்டு பக்கமும் கடதாசி. ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர்ப் பெயின்ற் அடித்தால் காயும்போது அந்தப் பக்கம் இழுத்து வளைத்துவிடும். படம் ஒரு பக்கம்தான் வேண்டும் என்றால், மறுபக்கத்துக்கு வெள்ளையாவது அடியுங்கள்.

மூங்கில் சட்டமே வளைந்து போனால்

பட்டம் கட்டுபவர்கள் செய்வதைச் செய்யுங்கள். மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே சிலாகையை ஓட்டி ஓட்டிச் சூடாக்கி, மூங்கிலின் எண்ணெய் பளபளக்கும்போது வளைத்து, ஈரத் துணியால் துடைத்தால் அப்படியே நிற்கும். கருகவிடக்கூடாது. பேப்பர் ஒட்டுவதற்கு முன் மட்டும்.

முறுகாமல் பார்ப்பது

நிமிர்த்துவதில் எனக்கு மரியாதை இருக்கிறது, ஆனால் ஆசை இல்லை. செய்யும்போதே கவனித்தால் கேத்தல் தேநீருக்கு மட்டும் போதும். வீட்டிலும் சமாதானம்.

இடது, வலது இறக்கைகளுக்கு ஒரே பலகையிலிருந்து வெட்டுங்கள். பசை காயும்வரை, பொருத்திவைத்த தட்டையான மென்பலகையிலிருந்து இறக்கையை எடுக்காதீர்கள். மாரியில் வூட் கம் மேலே காய்ந்ததுபோல இருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும், ஓர் இரவு கூடுதலாக விடுங்கள். பேப்பரை முதலில் கீழ்ப்பக்கத்துக்கும் உடனே மேற்பக்கத்துக்கும் ஒட்டுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். பேப்பரின் நார் இறக்கையின் நீளப்பாட்டுக்கு ஓடவேண்டும். தண்ணீர் தெளிப்பதும் பூச்சும் இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே அளவில். காயும்வரை கட்டிவைத்திருங்கள், நிழலில், காற்றோட்டத்தில். டோப்போ லாக்கரோ பூசினால் தின்னர் தாராளமாகக் கலந்து, சில துளி ஆமணக்கெண்ணெய் விடுங்கள். பிறகும் பல வாரங்களுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் பழக்கம் அதற்கு உண்டு, எண்ணெய் அதைத் தணிக்கும்.

முடிந்தால் ஒன்று: மாரியில் கட்டுமான வேலையை மட்டும் முடித்து, பேப்பர் ஒட்டுவதை மழை ஓய்ந்து இரண்டு மூன்று வறண்ட நாள் வந்தபிறகு செய்யுங்கள். மரம் அதற்குள் தன் ஈரத்தை விட்டிருக்கும். மற்ற எல்லா அறிவுரையையும்விட எனக்குப் பலன் தந்தது இதுதான்.

வைக்கும் இடம் இன்னொரு தொல்லை. தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் மத்தியானத்தில் வேகும். சீமெந்து நிலத்தில் படுக்கவைத்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறும். சுவரில் சாய்த்துவைத்தால் தன் பாரத்திலேயே வளையும். அடிப்பகுதியில் நூல் கட்டி, உள் அறை ஒன்றில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். எலி ஏறாத இடமாகப் பாருங்கள், பசை அதற்குப் பிடிக்கும்.

வயலுக்குக் கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிள் பின்னால் கயிற்றால் நுனியை இறுக்கிக் கட்டாதீர்கள். இறக்கை நீளத்துக்கு ஒரு மட்டைப் பெட்டி, உள்ளே பழைய துணி. வயலில் பெட்டியை நிழலில் வையுங்கள். கறுப்பு, கடும் சிவப்பு நிறப் பேப்பர் வெள்ளையைவிட விரைவாகச் சூடேறும், எறிகிற இடைவெளியில் வெயிலில் கவிழ்த்து வைத்த கறுப்பு இறக்கை பத்து நிமிடத்தில் மனம் மாறிவிடும்.

வயலில் சோதிப்பது

காலை ஏழு மணிக்கு முன் போங்கள். காற்று எழும்புமுன். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்றுப் பிடித்தால் காலையிலும் நிற்காது, அப்போது எது முறுக்கு, எது காற்று என்று பிரித்தறிய முடியாது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே வாய்க்கால் பாயும் வயல்களில் சிறுபோகம் இருந்தால் வரம்போடு நில்லுங்கள், பயிருக்குள் இறங்கினால் கமக்காரனிடம் பேச்சு வாங்கவேண்டிவரும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. வன்னியில் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. வருடாவருடம் உழுகிற வயலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் மட்டும் பறக்கவிடுங்கள். விமானம் பற்றைக்குள் போய் விழுந்து, அங்கே சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ தெரிந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இறக்கை இன்னொன்று செய்யலாம்.

தோள் உயரத்தில், மூக்கைச் சற்றே தாழ்த்தி, தள்ளுவதுபோல மெல்ல எறியுங்கள். மூன்று தடவை ஒரே மாதிரி. மூன்றிலும் ஒரே பக்கம் திரும்பினால் அது விமானத்தின் பழக்கம், ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம் என்றால் அது உங்கள் கையின் பழக்கம். நேராகப் போனால் வேகத்தைக் கூட்டி எறிந்து பாருங்கள், ஒளிந்திருக்கும் முறுக்கு அப்போதுதான் வெளியே வரும். அகலமாக, மெல்ல ஒரு பக்கம் வட்டமடித்தால் விட்டுவிடலாம். கிளைடர் சிறிது வட்டமிடுவது நல்லது, நேராகப் போனால் அடுத்த கிராமத்தில் போய்த் தேடவேண்டும்.

வயலிலேயே சின்ன முறுக்கைத் திருத்த வேண்டிவந்தால், நீங்கள் குடிக்கக் கொண்டுவந்த தேநீர் பிளாஸ்கின் ஆவியும் சிலவேளை உதவும். இல்லையென்றால் வாயால் ஊதும் சூடான மூச்சே மெல்லிய பலகைக்குப் போதும்: பின் விளிம்பில் ஊதி, விரலால் தடவி வளைத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். மருமகனின் கிளைடரை அப்படித்தான் அன்றைக்கு நிமிர்த்தினோம். பிறகு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வைத்து அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதினான். அடுத்த ஞாயிறு திரும்ப அளந்தபோது அரை மில்லிமீற்றர் திரும்பி வந்திருந்தது. கேத்தலைப் போட்டோம்.